கன்டெய்னர் அறைக்கு மின் இணைப்பு: மீட்டரை எங்கே பொருத்த வேண்டும்?

மும்பை: மாட்டுங்கா உள்ளிட்ட மும்பைப் பகுதிகளில் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு, புதிய அடுக்குமாடிகள் எழுப்பப்பட்டு வருகின்றன. இத்தகைய மனைகளில் காவலாளிகளும் தொழிலாளர்களும் தங்குவதற்கு, இடம் மாற்றக்கூடிய இரும்பு கன்டெய்னர் அறைகள் பயன்படுகின்றன. மழைநீர் தேங்கும் நாட்களில், இவற்றின் மின் இணைப்பில் நேரும் சிறு பிழையும் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

யாரிடம் விண்ணப்பிப்பது?

கொலாபா முதல் சயான், மாஹிம் வரையிலான பகுதிக்கு மின்சாரம் வழங்குவது பெஸ்ட் நிறுவனம். தற்காலிக இணைப்புக்கும் அங்கேயே விண்ணப்பிக்க வேண்டும். மின்சாரச் சட்டம் 2003-இன் 55-ஆவது பிரிவின்படி, மீட்டர் இன்றி மின்சாரம் வழங்க இயலாது. அருகிலுள்ள வீட்டின் மீட்டரிலிருந்து கம்பி இழுப்பது, 126-ஆவது பிரிவின் கீழ் அனுமதியற்ற பயன்பாடாகும். அதற்கு இருமடங்கு கட்டணம் விதிக்கப்படும்.

மீட்டரின் இடம்

அறை நகரக்கூடியது, மீட்டர் நகரக் கூடாது. எனவே மீட்டரையும் மெயின் சுவிட்சையும் அறையின் மீது பொருத்தாமல், தரையில் ஊன்றிய கம்பத்திலோ நிலையான சுவரிலோ அமைப்பதே பாதுகாப்பானது. கிங்ஸ் சர்க்கிள் போன்ற தாழ்வான இடங்களில், வெள்ளம் எட்டாத உயரமும் மழை புகாத பெட்டியும் அவசியம்.

எர்த்தும் நியூட்ரலும்

மீட்டரிலிருந்து அறைக்கு பேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று கம்பிகள் செல்ல வேண்டும். அறையின் இரும்புச் சட்டம் முழுவதும் எர்த்துடன் இணைக்கப்பட வேண்டும். ஆனால், அறைக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒருபோதும் ஒன்றாக இணைக்கக் கூடாது. அவ்வாறு இணைத்தால், வெளியே நியூட்ரல் கம்பி அறுந்துபோகும்போது, விளக்கு, மின்விசிறி வழியாகத் திரும்பும் மின்சாரம் இரும்புச் சுவரில் ஏறிவிடும். கதவைத் தொடுபவர் 230 வோல்ட் அதிர்ச்சிக்கு ஆளாக நேரிடும்.

மின்கசிவைக் கண்டறிந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியையும் பொருத்த வேண்டும். இது எர்த் இணைப்புக்கு மாற்று அல்ல. கூடுதல் பாதுகாப்பு மட்டுமே.

இடம் மாற்றும்போது

வயரிங் பணியை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரே செய்து, சோதனை அறிக்கை அளிக்க வேண்டும். அறையை வேறு மனைக்குக் கொண்டு செல்லும்போது பழைய இணைப்பு அங்கேயே முடிவுக்கு வருகிறது. புதிய இடத்தில் புதிய விண்ணப்பமும், எர்த் இணைப்பின் புதிய பரிசோதனையும் தேவை.