இரு காசுகளும் ஒரு தீர்ப்பும்

கற்பிட்டியிலிருந்து வடக்கு நோக்கிப் படகிலே செல்வோர், வில்பத்துக் காட்டின் ஓரத்தில் செம்மண் மேடொன்று கடலை எட்டிப் பார்த்து நிற்பதைக் காண்பர். அதுவே குதிரைமலை. காற்றினால் அடித்துவரப்பட்ட உரோமர் ஒருவர் இலங்கையில் 'ஹிப்புரொஸ்' என்னும் துறையிலே கரைசேர்ந்தார் எனக் கி. பி. முதலாம் நூற்றாண்டில் பிளினி எழுதினார். அச்சொல் கிரேக்க மொழியிற் குதிரைவாலைக் குறிக்கும். அத்துறை குதிரைமலையே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. ஆகவே, உரோமருக்கும் பாரசீகருக்கும் நிகழ்ந்த எல்லைப்போர்களைப் பற்றி இக்கரையிலிருந்து பேசுவது பொருந்தாத செயலன்று.

அவ்விரு பேரரசுகளும் தைகிரிசு, யூபிரத்தீசு ஆறுகளின் மேற்பகுதியிலே எல்லை கொண்டிருந்தன. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரசீகத்தை ஆண்டவன் கவாத். இழந்த அரியணையை வெள்ளை ஊணரின் படைத்துணையால் மீட்டவன் அவன். அந்தக் கடனைத் தீர்ப்பதற்கு உரோமப் பேரரசன் அனஸ்தாசியசிடம் பொன் கேட்டான், கிடைக்கவில்லை. 502இல் எல்லையைக் கடந்து அமிதா என்னும் நகரை முற்றுகையிட்டு, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அதைக் கைப்பற்றினான். இன்று துருக்கியில் உள்ள தியார்பக்கிர் நகரே அது. 506இல் போர் ஓய்ந்தது. மாணவர் இப்போரைச் சமயப் பகையென்றோ இனப் பகையென்றோ எழுதிவிடுவது வழக்கம். அதன் வேர் பணமுடையிலே இருந்தது.

ஏறத்தாழ அக்காலத்திலே அதே போட்டி இலங்கை அரசனின் அவையிலே தலைதூக்கியது. அலெக்சாந்திரியா வணிகராகிய கொஸ்மாஸ் இதனைக் கூறுகின்றார். சோபாத்தர் என்னும் உரோம வணிகரும் பாரசீகர் ஒருவரும் ஒரே வேளையில் இங்கு வந்திறங்கினர். உங்கள் மன்னர் இருவருள் யார் பெரியவர் என்று அரசன் வினவினான். பாரசீகர் முந்திக்கொண்டு, தம் வேந்தனே வலிமையிலும் செல்வத்திலும் மிக்கவன் என்றார். சோபாத்தரோ வாய் திறக்கவில்லை. அரசன் தூண்டிய பின்னரே, இருவர் காசுகளையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்க்கும்படி வேண்டினார். பாரசீகக் காசு வெள்ளி. உரோமக் காசு ஒளிவீசும் பொன். அரசன் இரண்டையும் தட்டியும் புரட்டியும் பார்த்து, உரோமரே மேலானவர் எனத் தீர்ப்பளித்து, சோபாத்தரை யானைமீதேற்றி, முரசறைந்து நகர்வலம் வரச் செய்தானாம்.

கதை இனிதே. ஆயினும், கதை சொன்னவர் உரோமப் பேரரசின் குடி என்பதை நாம் மறத்தலாகாது. அதே நூலில் அவர் தரும் பிற செய்திகள் வேறு கணக்குக் காட்டுகின்றன. இலங்கையிற் பாரசீகக் கிறித்தவர் குடியிருந்தனர். பாரசீகத்திலிருந்து குதிரைகள் வந்தன. அவற்றைக் கொணர்ந்தோருக்கு அரசன் சுங்கத் தீர்வையை நீக்கியிருந்தான். (இதைக் கொண்டு குதிரைமலைக்குப் பெயர்க்காரணம் புனைய முற்படும் அன்பர்களுடன் நான் சேரமாட்டேன்.) வடக்கேயுள்ள மாந்தைத் துறைமுகத்து அகழ்வுகளிலும் பாரசீக மட்கலத் துண்டுகள் கிடைத்துள்ளன.

உரோமர் பெரிதும் விரும்பியது பட்டு. சீனத்துப் பட்டு பாரசீகர் கைவழியே சென்றமையால், பட்டுக்குக் கொடுத்த பொன் பகைவனின் படைச்செலவுக்கு உதவிற்று. கவாத் தொடங்கிய இரண்டாவது போர் நடந்த காலத்தில், 531ஆம் ஆண்டளவில், பேரரசன் யஸ்தீனியன் எத்தியோப்பியருக்குத் தூதனுப்பி, இந்தியரிடம் நேரே பட்டு வாங்கித் தமக்கு விற்கும்படி கேட்டான். அவர்கள் இசைந்தனர், முயற்சி பலிக்கவில்லை. இந்தியக் கப்பல்கள் முதலிலே வந்து தங்கும் துறைகளிற் பாரசீக வணிகர் காத்திருந்து சரக்கு முழுவதையும் வாங்கிவிட்டனர் என்று புரொக்கோப்பியஸ் எழுதுகின்றார். அவையிலே வென்ற காசு துறையிலே தோற்றது.

532இல் கவாத்தின் மகன் குஸ்ரோவுடன் 'என்றுமுள சமாதானம்' செய்யப்பட்டது. அதற்கு உரோமர் அளித்த விலை 11,000 இறாத்தல் பொன். எட்டே ஆண்டுகளில் அது முறிந்தது. 540இல் குஸ்ரோ அந்தியோக்கியா நகரைச் சூறையாடினான். பட்டுப்புழு முட்டைகளைத் துறவியர் சிலர் மறைத்துக் கொணர்ந்து உரோமருக்குச் சொந்தப் பட்டுத் தொழிலை அளித்தது 552ஆம் ஆண்டளவிலேதான். அதற்குப் பின்னரும் எல்லை அமைதிக்கு விலை கொடுக்க வேண்டியே இருந்தது. 562இல் எழுதப்பட்ட ஐம்பதாண்டு உடன்படிக்கையின்படி, சோபாத்தர் நம் அரசனுக்கு எடுத்துக்காட்டிய அதே இனப் பொற்காசுகள், ஆண்டுக்கு 30,000 என்ற கணக்கிற் பாரசீக வேந்தனின் கருவூலத்துக்குச் செல்லலாயின.