ஒரே நெகடிவ், பல படங்கள்

காமிரா ஒரு கருவி. எதிரில் உள்ளதை அது பதிவு செய்கிறது, அவ்வளவுதான். அப்படியிருக்க, படம் எடுப்பவர் தம் உள்ளத்தில் தோன்றியதைப் புகைப்படத்தில் எப்படிக் காட்ட முடியும்? விடை காண, கறுப்பு-வெள்ளைப் படங்கள் உருவாகும் இருட்டறைக்குள் சென்று பார்ப்போம், வாருங்கள்.

பிலிமின் மீதும், படம் அச்சிடும் தாளின் மீதும் வெள்ளி ஹாலைடு என்னும் உப்பின் நுண்ணிய படிகங்கள் ஜெலட்டினில் கலந்து பூசப்பட்டுள்ளன. ஒளி பட்ட படிகத்தில் ஒரு சில வெள்ளி அணுக்களே முதலில் உண்டாகின்றன. அவை கண்ணுக்குப் புலப்படா. டெவலப்பர் கரைசலில் இட்டதும், அந்தச் சில அணுக்களே வித்தாக அமைந்து படிகம் முழுவதும் கறுத்த வெள்ளியாக மாறுகிறது. ஒளி படாத உப்பை, சோடியம் தயோசல்பேட் என்னும் ஹைப்போ கரைத்து நீக்கிவிடுகிறது. ஆகவே பிலிமில் வெளிச்சமான இடம் கறுப்பாகவும், நிழலான இடம் தெளிவாகவும் அமையும். இதுவே நெகடிவ்.

இதை என்லார்ஜரில் பொருத்தி, அதன் ஊடே தாளின் மீது ஒளியை விழச் செய்தால், கறுப்பும் வெளுப்பும் மீண்டும் இடம் மாறிப் படம் கிடைக்கும். இங்கேதான் மனிதரின் பங்கு தொடங்குகிறது. தாளின் மீது 10 வினாடி ஒளி விழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடைசி 3 வினாடி ஒரு முகத்தின் மேல் மட்டும் சிறு அட்டையால் நிழலிட்டால் அம்முகம் வெளுப்பாகும். துளையிட்ட அட்டை வழியாக வானத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்தால் வானம் கறுக்கும். அட்டையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்; இல்லையேல் அதன் விளிம்பு கோடாகப் பதிந்துவிடும்.

இதில் தேர்ந்தவர் அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸ் (1902–1984). இளமையில் பியானோ பயின்ற அவர், நெகடிவை இசைக்குறிப்புக்கும், அச்சிட்ட படத்தை அதைக் கச்சேரியில் வாசிப்பதற்கும் ஒப்பிட்டார். நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டெஸ் என்னும் சிற்றூர் வழியே ஒரு மாலை அவர் சென்றபோது, சாயும் வெயில் கல்லறைச் சிலுவைகளின் மீது விழுந்தது; மேலே நிலவு. ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. ஆனால் நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவில் இருந்தது. அதைக் கொண்டு கணக்கிட்டு 1 வினாடி ஒளி கொடுத்தார். அடுத்த படத்துக்குள் சிலுவைகளின் மேல் இருந்த வெயில் போய்விட்டது. கிடைத்தது ஒரே நெகடிவ். நிலவு நிற்கும் இடத்தை வைத்து வானியல் முறையில் பின்னாளில் கணக்கிட்டபோது, அந்த நாள் 1941 நவம்பர் 1 எனத் தெரிந்தது.

அவர் தொடக்கத்தில் அச்சிட்ட படங்களில் வானம் சாம்பல் நிறம். மேகக் கீற்றுகளும் தெரிந்தன. 1970களில் அச்சிட்டவற்றிலோ வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு! அதன் கீழே ஊர் தனித்துக் கிடக்கிறது. நெகடிவ் அதேதான், மனிதரின் பார்வைதான் மாறியது.

இது பொய் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. செய்திக்கும் வழக்குக்கும் சான்றாகும் படத்தில் இப்படிச் செய்வது தவறே. ஆனால் ஆடம்ஸ் சான்று தரவில்லை. அந்த மாலை தமக்கு எப்படித் தோன்றியது என்பதைச் சொன்னார். அதற்கும் ஓர் எல்லை உண்டு. நெகடிவில் வெள்ளி பதியாத இருளிலிருந்து எந்த அட்டையாலும் ஒரு முகத்தை வரவழைக்க முடியாது. இயற்பியல் விதிகள் வரம்பு கட்டுகின்றன. அந்த வரம்புக்குள் தேர்ந்தெடுப்பது மனிதரின் உரிமை.

வீட்டில் பழைய நெகடிவ் ஏதேனும் இருந்தால், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எந்த இடத்துக்கு ஒளியைக் கூட்டுவீர்கள்? எதைக் காப்பீர்கள்? ஏன்? உங்கள் நண்பரின் விடை வேறாக இருந்தால் வியப்படைய வேண்டாம்.