காமிரா பழகுவோர்க்குச் சில செய்திகள்

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு, ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து தங்கும் நாட்கள் மிகச் சிலவே. சில ஆண்டுகளுக்கு முன், நவராத்திரியை ஒட்டி, திருநெல்வேலியிலிருந்து எங்கள் பாட்டியார் தில்லிக்கு வந்திருந்தார். கொலுவின் முன் அமர்ந்து, கொள்ளுப்பேத்தியை மடியில் இருத்தி, கையால் தாளமிட்டவாறு அவர் பாடினார். புதிதாக வாங்கிய காமிராவினால் நாற்பது படங்கள் எடுத்தோம். மறுநாள் பார்க்கையில், படிகளும் பொம்மைகளும் பளிச்சென்று இருந்தன. பாட்டியாரின் முகமும் கையும் மட்டும் கலங்கிக் கிடந்தன. அடுத்த நவராத்திரிக்கு அவர் இல்லை.

லென்ஸ் மட்டமானது என்று அன்று முடிவு கட்டினோம். காமிராவுடன் சேர்த்தே விற்கப்படும் 18–55 மி.மீ. ஜூம் லென்ஸ் அது. விலை உயர்ந்த வேறொன்றை வாங்கவும் முனைந்தோம். டிஜிட்டல் காமிரா ஒவ்வொரு படத்தோடும், அதை எடுத்த அளவுகளையும் குறித்து வைக்கிறது என்பதைப் பின்னரே அறிந்து, அவற்றைப் பார்வையிட்டோம். ஷட்டர் 1/8 வினாடி. துவாரம் எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 400. குற்றம் லென்ஸினுடையதன்று.

இம்மூன்று எண்களும் கூறுவது யாது? காலையில் குழாயில் நீர் வரும் சிறிது நேரத்திற்குள் குடத்தை நிறைத்துக்கொள்வது மாநகரங்களில் வாழும் நமக்குப் பழகிய வேலையே. குழாய் வாயின் அகலத்தைத் துவாரம் என்றும், அதைத் திறந்து வைக்கும் நேரத்தை ஷட்டர் என்றும் கொள்ளலாம். ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்துவது சிறிய குடத்தை வைப்பதை ஒக்கும். குடம் விரைவில் நிறையும். ஆனால் பிடித்த நீர் குறைவு. அக்குறைவே படத்தில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகளாகத் தெரிகிறது.

துவார எண்தான் புதியவர்களை மிகவும் மயக்குவது. எண் சிறிதாயின் திறப்பு பெரிது! லென்ஸின் குவியத் தூரத்தை அவ்வெண்ணால் வகுத்தால் திறப்பின் அகலம் கிடைக்கும் என்று அறிந்தால் மயக்கம் தீரும். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்பது 25 மி.மீ. அகலம், எஃப் 4 என்பது 12.5 மி.மீ. அகலம் பாதியானால் பரப்பு காற்பங்காகிறது. ஒளியும் காற்பங்காகக் குறைகிறது.

இனி அந்த மாலைக்கு மீள்வோம். 1/8 வினாடி திறந்திருந்த ஷட்டர், அவ்வளவு நேரமும் பாட்டியாரின் அசைவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துவிட்டது. லென்ஸிலிருந்த அசைவுத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் தடுத்தது. பாடுபவரின் அசைவை அது தடுக்க இயலாது. பொம்மைகள் தெளிந்து முகம் கலங்கிய காரணம் இதுவே. ஜூமை 18 மி.மீ.க்குத் திருப்பிச் சற்று முன்னே அமர்ந்திருந்தால் எஃப் 3.5 கிட்டியிருக்கும், ஷட்டர் 1/20 ஆகியிருக்கும். ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு உயர்த்தியிருந்தால் 1/80. தாளமிடும் கைக்கு அது போதாமற்போகலாம், முகத்திற்குப் போதும். சிறிது புள்ளி விழுந்திருக்கும். விழுந்தால் என்ன? புள்ளி விழுந்த முகத்தை அடையாளம் காணலாம். ஒரு காசும் செலவாகியிராது.

அவ்வாறாயின் வேறு லென்ஸே வேண்டாமா என்று கேட்கலாம். விளக்கொளியில் மிகுதியாகப் படமெடுப்போர்க்கு எஃப் 1.8 துவாரமுள்ள லென்ஸ் ஒன்று பேருதவி. எஃப் 5.6ஐ நோக்க அது ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை ஏற்கும். ஆயின் அவ்வளவு அகலத் திறந்தால் தெளிவு விழும் ஆழம் குறுகிவிடும். கண் தெளிந்து காது மங்கும். 50 மி.மீ. லென்ஸ் மலிவென்று விரைந்து வாங்குவோர் உண்டு. சிறிய உணரி கொண்ட காமிராவில் அது 75 அல்லது 80 மி.மீ. போன்று குறுகிய காட்சியையே தரும். மும்பையின் சிறு குடியிருப்புகளில் சுவரில் முதுகு முட்டும்வரை பின்வாங்கினாலும் குடும்பம் முழுவதும் அடங்காது. அத்தகையோர்க்கு 35 மி.மீ. தக்கது. கொல்கத்தாவின் துர்க்கா பூஜைப் பந்தல்களுக்கு 18 மி.மீ. முனை நன்று, ஆனால் ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபடும். பறவைகளை நாடாதவர்க்கு நீண்ட லென்ஸ் பெரும்பாலும் பைச்சுமை என்பது எம் கருத்து.

1948இல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்த ஆன்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன், தம் வாழ்நாளின் பெரும்பாலான படங்களுக்கு 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே கையாண்டார். அவருடையது முழு அளவு 35 மி.மீ. ஃபிலிம் காமிரா என்பதையும் உடன் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

வட இந்தியாவில் வாழ்வோர்க்கு இன்னொன்று. காமிராவின் ஒளிமானி எக்காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதும். ஜனவரி மூடுபனியில் எடுத்த படங்கள் அழுக்கடைந்தாற்போல் தோன்றுவது அதனாலேயே. ஒளித் திருத்தத்தைக் கூட்டல் 1 எனத் திருப்பினால் பனி வெண்மை பெறும்.

விருந்தினர் வருமுன், ஒரு மாலை, கொலு வைக்கவிருக்கும் அறையில் அதே விளக்கை ஏற்றி, வீட்டார் ஒருவரை அமர்த்திப் பேசச் சொல்லுங்கள். ஐ.எஸ்.ஓ. 400, 800, 1600, 3200 என்று நான்கு முறை எடுத்து, முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்த எண்ணில் முகம் தெளிகிறதோ அதை ஒரு சீட்டில் எழிதிக் காமிராப் பையினுள் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பையில் இருக்கும் சீட்டில் 3200 என்றிருக்கிறது.