கம்ப்யூட்டர் செத்துவிட்டதா? வயிற்றைப் பாருங்கள்!

பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியவில்லை. விசிறி சுற்றவில்லை. திரை கறுப்பாகவே இருக்கிறது.

"கம்ப்யூட்டர் போய்விட்டது. இனி புதுசுதான் வாங்க வேண்டும்" என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

அவசரப்படக் கூடாது! பல சமயங்களில் கம்ப்யூட்டர் சாகவில்லை. அதற்குச் சோறு போடும் பெட்டிதான் படுத்துவிட்டது.

அந்தப் பெட்டிக்கு "பவர் சப்ளை" என்று பெயர். மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் அதை "எஸ்.எம்.பி.எஸ்." என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள்.

மேலூரிலும் உசிலம்பட்டியிலும் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருக்குக் கம்ப்யூட்டர் நின்றால் அன்றைய கூலி நின்றுவிடும். அரசாங்க வேலைக்கு மனுப் போட அன்றுதான் கடைசி நாள் என்றால்? கடை வாசலில் நிற்கும் பிள்ளைக்கு ஒரு வருஷமே வீணாகலாம்!

பெட்டியின் வேலை என்ன?

சுவரில் வரும் மின்சாரம் 230 வோல்ட். அது ஒரே திசையில் ஓடாது. வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வரும்.

கம்ப்யூட்டருக்கு வேண்டியது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட். அதுவும் ஒரே திசையில் ஓட வேண்டும்.

நாம் தின்னும் சோற்றை வயிறு செரித்துக் கொடுக்கிறது. முரட்டு மின்சாரத்தை இந்தப் பெட்டி செரித்துக் கொடுக்கிறது. கம்ப்யூட்டரின் வயிறு இதுதான்!

பழைய ரேடியோவில் கனமான டிரான்ஸ்பார்மர் இருக்கும். இந்தப் பெட்டி மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளாக நறுக்குகிறது. அதனால் கைக்குள் அடங்கும் டிரான்ஸ்பார்மரே போதும். 1977-ல் வெளிவந்த "ஆப்பிள் 2" கம்ப்யூட்டருக்கு, ராட் ஹோல்ட் என்ற அமெரிக்க எஞ்சினீயர் இந்த முறையில்தான் பெட்டி அமைத்தார்.

அணைத்தாலும் தூங்காது!

முன்காலத்துக் கம்ப்யூட்டரில் பொத்தானை அணைத்தால் மின்சாரமே நின்றுவிடும். 1995-ல் இன்டெல் கம்பெனி "ஏ.டி.எக்ஸ்." என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தது. அதன் பிறகு முன்பக்கப் பொத்தான் "எழுந்திரு" என்று கட்டளை மட்டுமே இடுகிறது.

பிளக் சொருகி, சுவர் ஸ்விட்சும் போட்டிருந்தால் பெட்டி அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். அதனால்தான் அணைத்து வைத்த கம்ப்யூட்டரும் இடி இடிக்கும்போது கெட்டுப் போகிறது.

மதுரைச் சீமையில் என்ன தொல்லை?

முதல் தொல்லை வெயில். இரண்டாவது தூசி.

பெட்டிக்குள் "கண்டென்சர்" என்ற சின்னச் சின்ன உருளைகள் உண்டு. வீட்டு மின்விசிறியில் இருக்கும் கண்டென்சருக்கு அவை தம்பிகள். அவற்றின் உள்ளே ஈரப்பசை இருக்கிறது. சூட்டில் அது காயும். சூடு 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது எஞ்சினீயர்கள் கணக்கு. தூசி அடைத்து விசிறி நின்றால் பெட்டி அடுப்பாகிவிடும்.

மூன்றாவது தொல்லை, ஏறி இறங்கும் மின்சாரம். கிணற்று மோட்டார்கள் ஓடும் நேரத்தில் கிராமத்து வீடுகளில் பல்பு மங்குவது உண்டு. 2012-ல் சென்னை நீங்கலான மாவட்டங்களில் நாளுக்குப் 10 மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு இருந்தது. மதுரையும் தப்பவில்லை. போன மின்சாரம் திரும்பி வரும்போது சில சமயம் குதித்துக்கொண்டு வரும். அந்தக் குதியில் பெட்டி அடிபடும்.

கண்டென்சர் சின்னதுதானே என்று நினைக்க வேண்டாம். மதர்போர்டில் இருந்த மோசமான கண்டென்சர்களால் கெட்டுப்போன கம்ப்யூட்டர்களைச் சரிசெய்ய, அமெரிக்காவின் டெல் கம்பெனி 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது!

வீட்டிலேயே சோதிக்கலாம்

அதே பிளக்கில் ஒரு மேஜை விளக்கைச் சொருகிப் பாருங்கள். விளக்கு எரியாவிட்டால் குற்றம் சுவரில்.

அடுத்து, மின்கம்பியை மாற்றிப் பாருங்கள். மானிட்டரின் கம்பி பெரும்பாலும் இதற்கும் பொருந்தும். பெட்டியின் பின்புறம் ஒரு ஸ்விட்சு இருந்தால் அதையும் கவனியுங்கள். பிள்ளைகள் விளையாட்டாக அணைத்திருக்கலாம்!

இதற்கும் மசியாவிட்டால், கம்ப்யூட்டர் பழக்கம் உள்ளவர் இன்னொரு சோதனை செய்யலாம். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பெட்டியிலிருந்து மதர்போர்டுக்கும் மற்றவற்றுக்கும் போகும் கம்பிகளைக் கழற்ற வேண்டும். பெரிய இணைப்பில் பச்சைக் கம்பி ஒன்றே ஒன்று இருக்கும். அதையும் ஏதாவது ஒரு கறுப்புக் கம்பியையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, பிறகு ஸ்விட்சைப் போட வேண்டும்.

பெட்டியின் விசிறி சுற்றினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அது மட்டும் போதாது. மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை இருக்கலாம். சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை. ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை. இதற்கு மேலோ கீழோ போனால் பெட்டிக்கு நோய்!

பெட்டி தனியாக நன்றாக ஓடுகிறது. கம்ப்யூட்டரோடு சேர்த்தால் நின்றுவிடுகிறது என்றால், குற்றம் வேறிடத்தில் இருக்கலாம். ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துப் பார்த்தால் திருடன் அகப்படுவான்.

எல்லாக் கம்பிகளும் கறுப்பாக உள்ள பெட்டியும் உண்டு. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

இங்கேதான் எமன் இருக்கிறான்!

பெட்டியின் மூடியை மட்டும் தெரியாதவர்கள் திறக்கக் கூடாது.

ஏன் தெரியுமா? 230 வோல்ட் மின்சாரம் உள்ளே போய் ஒரே திசையாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகிறது. பெரிய கண்டென்சர் அதைத் தேக்கி வைக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கலாம். தொட்டால் உயிருக்கே ஆபத்து!

தேர்ந்த மெக்கானிக் சற்றுநேரம் காத்திருப்பார். மீட்டரை வைத்துப் பார்த்து, மின்சாரம் இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகே கை வைப்பார்.

அவர் முதலில் தேடுவது, தலை உப்பிய கண்டென்சரை. அதை எடுத்துவிட்டு அதே அளவுள்ள, 105 டிகிரி சூடு தாங்கும் புதியதைப் பற்றவைப்பார். அதன் விலை சில பத்து ரூபாய்க்குள் அடங்கும். ஆனால் கூட்டல், கழித்தல் முனைகளை மாற்றி வைத்துவிட்டால் வெடித்துவிடும்.

பியூஸ் கருகியிருந்தால் புதியதைப் போட்டு உடனே ஸ்விட்சைத் தட்ட மாட்டார். ஒரு குண்டு பல்பை மின்சாரம் வரும் வழியில் சேர்ப்பார். பட்டறைகளில் இதற்கு "சீரீஸ் பல்பு" என்று பெயர். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்!

பியூசுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவது சிலர் வழக்கம். அது வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

பழுது பெரிதாக இருந்தால் புதுப் பெட்டி வாங்குவதே லாபம். அப்போதும் போவது பெட்டி மட்டுமே. கம்ப்யூட்டர் பிழைத்துக்கொள்ளும்.

வராமல் காக்க வழி

இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது.

மின்சாரம் போய் வந்தால் ஐந்து நிமிஷம் கழித்து ஸ்விட்சைப் போடுங்கள்.

மூன்று கால் பிளக்கின் எர்த் முனையை ஒடிக்காதீர்கள். உடம்பில் ஷாக் அடிக்காமல் காப்பது அதுதான்.

மாதம் ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்புறத் தூசியைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். இதற்குக் காலணாச் செலவில்லை!