ஓசூர் டு பெங்களூர் புரூவரி டூர்: பில்லை சமமா பிரிச்சா யாருக்கு அடி?



சம்பளம் கிரெடிட் ஆன முதல் சனிக்கிழமை. ஓசூர் சிப்காட்ல ஷிஃப்ட் முடிச்சு ரூமுக்கு வர்றதுக்குள்ள வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் வந்திருக்கும்: "மச்சி, இந்த வாரம் புரூவரி போலாமா?" ஆறு பேர் தம்ஸ்அப் போடுவாங்க. ஏழாவது ஆள் மெசேஜைப் பார்த்துட்டு ஒண்ணும் போட மாட்டார். இந்தக் கட்டுரை முக்கியமா அந்த ஏழாவது ஆளுக்கும், அவரோட ஃப்ரெண்ட்ஸுக்கும்.

குடிங்கன்னும் சொல்ல வரல, குடிக்காதீங்கன்னு கிளாஸ் எடுக்கவும் வரல. உடம்புக்கு நல்லதில்லைன்னு உங்களுக்கே தெரியும். போறதுன்னு முடிவு பண்ணிட்டா, அதோட கணக்கு என்னன்னு ஒரு சிஏவா சொல்றேன்.

ஏன் பார்டர் தாண்டணும்?

தமிழ்நாட்டுல 2003 கடைசியில இருந்து மது சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில இருக்கு. அங்கேயே காய்ச்சி, அங்கேயே கிளாஸ்ல ஊத்திக் கொடுக்கிற மைக்ரோபுரூவரியைப் பார்க்கணும்னா ஓசூர்க்காரங்களுக்குப் பக்கம் பெங்களூர்தான். இந்திராநகர்ல 2010-ல ஆரம்பிச்ச டாய்ட், அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துப் பேரோட 2012-ல வந்த ஆர்பர் புரூயிங் கம்பெனி, ஒயிட்ஃபீல்டுல விண்ட்மில்ஸ்னு பட்டியல் நீளும். பெங்களூருக்கும் பீருக்கும் உறவு ஒண்ணும் புதுசில்ல. தென்னிந்தியாவுல இருந்த 5 புரூவரிகளைச் சேர்த்து தாமஸ் லீஷ்மேன்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் யுனைடெட் புரூவரீஸை உருவாக்கினது 1915-ல.

டேங்க்கைப் பாருங்க, விலை புரியும்

நிறைய இடத்துல முன்கூட்டியே கேட்டா காய்ச்சுற இடத்தைச் சுத்திக் காட்டுவாங்க. செல்ஃபி எடுத்துட்டு வந்துடாதீங்க. ஃபேக்டரியில வேலை பார்க்கிற உங்களுக்கு அது சுலபமா புரியும்.

முளைகட்டி உலர்த்தின பார்லிதான் மால்ட். அதை உடைச்சு, சுமார் 65 டிகிரி வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊற வைப்பாங்க. மாவுச்சத்து சர்க்கரையா மாறும். சாறை வடிச்சு, ஹாப்ஸ்ங்கிற பூவைப் போட்டுக் கொதிக்க வைப்பாங்க. கசப்பும் வாசனையும் அதுல இருந்துதான் வருது. அப்புறம் குளிர வச்சு ஈஸ்ட் சேர்த்து டேங்க்ல விட்டுடுவாங்க. மிச்சமாகிற சக்கை மாட்டுத் தீவனத்துக்குப் போகும்.

இப்போ கணக்குக்கு வருவோம். ஏல் வகை பீர் சுமார் 2 வாரத்துல ரெடி ஆகலாம். லாகர் வகைக்குக் குறைஞ்ச வெப்பநிலை வேணும், நாளும் அதிகம். 5 வாரம்னு வச்சுக்குங்க. ஒரே டேங்க்ல ஏல் போட்டா வருஷத்துக்கு 26 தடவை காய்ச்சலாம். லாகர்னா 10 தடவைதான். நாங்க இதை இன்வென்டரி டர்ன்ஓவர்னு சொல்லுவோம். டேங்க்குக்குப் போட்ட முதல், வாடகை, கரண்ட், லைசென்ஸ் ஃபீஸ் எல்லாம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அதனால நீங்க கொடுக்கிற ₹400-ல பார்லிக்குப் போறது சின்னப் பங்கு. மீதி அந்த இடத்துக்கும், காத்திருப்புக்கும், வரிக்கும்தான் போகுது.

பில்லைப் படிங்க

5 பேர் போறீங்க. ரெண்டு பேர் ஆளுக்கு 3 கிளாஸ், ரெண்டு பேர் ஆளுக்கு 2 கிளாஸ், ஒருத்தர் குடிக்கிறதே இல்ல. ஒரு கிளாஸ் ₹400-னு வைப்போம். கடைக்குக் கடை மாறும், இது உதாரணம்தான்.

பீர், 10 கிளாஸ்: ₹4,000
சாப்பாடு: ₹2,800
சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5%: ₹140
சர்வீஸ் சார்ஜ் 10%: ₹680
மொத்தம்: ₹7,620

இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும்.

ஒண்ணு, குடிக்கிற மது ஜிஎஸ்டிக்குள்ளயே வராது. அதுக்கு வரி போடுறது மாநில அரசு. பீர் தொகைக்கும் சேர்த்து ஜிஎஸ்டி போட்டிருந்தா பில்லைத் திருத்தித் தரச் சொல்லுங்க.

ரெண்டு, சர்வீஸ் சார்ஜ் வரி கிடையாது. அதைத் தானா பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில வழிகாட்டுதல் கொடுத்துச்சு. அது செல்லும்னு 2025 மார்ச்ல டில்லி உயர் நீதிமன்றமும் சொல்லிடுச்சு. "எடுத்துடுங்க சார்"னு மரியாதையா கேட்கலாம். நல்லா கவனிச்ச தம்பிக்குத் தனியா டிப்ஸ் கொடுக்கிறது உங்க இஷ்டம்.

சமமா பிரிக்கிறதுல யாருக்கு அடி?

₹7,620-ஐ 5 பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ₹1,524. யூபிஐ-ல ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். ஆனா குடிக்காதவர் பங்கு என்ன? சாப்பாடு 560, ஜிஎஸ்டி 28, சர்வீஸ் சார்ஜ் 56, மொத்தம் ₹644. அவர் கொடுத்தது ₹1,524. அதாவது ₹880 மத்தவங்க கிளாஸுக்கு.

கேப் போக வர ₹3,000-னு வச்சா ஆளுக்கு இன்னொரு ₹600. மொத்தம் ₹2,124. கையில ₹60,000 வாங்குறவருக்கு இது சம்பளத்துல 3.5%. ₹25,000 வாங்குறவருக்கு 8.5%. மாசம் ரெண்டு தடவைன்னா 17%! அதுல ரூம் வாடகை, மெஸ், பைக் ஈஎம்ஐ, ஊருக்கு அனுப்புற பணம் எல்லாம் போக என்ன மிஞ்சும்?

நம்ம பக்கம் ஒரே ரூம்ல பெர்மனென்ட், கான்ட்ராக்ட், அப்ரண்டிஸ் மூணு பேரும் ஒண்ணா தங்கியிருப்பாங்க. நட்பு சமம், சம்பளம் சமம் இல்ல. "கையில காசு இல்ல மச்சி"ன்னு சொல்ல வெட்கப்பட்டு, கிரெடிட் கார்டைத் தேய்க்கிறவங்க உண்டு. மினிமம் டியூ மட்டும் கட்டினா பல கார்டுகள்ல மாசம் 3.5% வரை வட்டி, வருஷத்துக்கு 42%. அதோட புதுசா வாங்குற பொருளுக்கும் வட்டியில்லாத நாள் கிடைக்காது. ஒரு சாயங்காலம் குடிச்ச பீருக்கு ஆறு மாசம் வட்டி கட்டுறது என்ன கணக்கு?

திரும்பி வர்ற வழி

பில்லுல வராத பெரிய செலவு இதுதான். ரத்தத்துல 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா, மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவுப்படி முதல் தடவை ₹10,000 அபராதம், 6 மாசம் வரை ஜெயில், இல்ல ரெண்டும். போதையில ஓட்டி வண்டி அடிபட்டா ஓன் டேமேஜ் கிளெய்ம் கிடைக்காது. வண்டி இன்சூரன்ஸோட வர்ற ₹15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பும் கிடைக்காது. ஊர்ல அப்பா அம்மா உங்க சம்பளத்தை நம்பி இருந்தா, அந்த ₹15 லட்சம் அவங்க பணம். "ரெண்டு கிளாஸ்தானே, மெதுவா போயிடலாம்"னு என்.எச். 44-ல ஏறும்போது அதைத்தான் பணயம் வைக்கிறீங்க.

2025 ஆகஸ்ட்ல மெட்ரோ மஞ்சள் லைன் பொம்மசந்திரா வரைக்கும் வந்தாச்சு. ஓசூர்ல இருந்து பஸ்ல பொம்மசந்திரா, அங்க இருந்து மெட்ரோ. கேப்புக்கு ஆகுறதுல பாதிகூட ஆகாது. கடைசி ரயில் நேரத்தை மட்டும் முன்னாடியே பார்த்து வச்சுக்குங்க.

இன்னொண்ணு, அங்க இருந்து பாட்டில் வாங்கி பையில போட்டு அத்திப்பள்ளி தாண்டுற ஐடியா வேண்டாம். அனுமதி இல்லாம வெளிமாநில மதுவைக் கொண்டு வந்தா தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்துல கேஸ் ஆகும். வண்டியே பறிமுதல் ஆகலாம்.

போகணும்னா இப்படிப் போங்க

1. கிளம்புறதுக்கு முன்னாடியே ஆளுக்கு எவ்வளவுன்னு குரூப்ல போட்டுடுங்க. தொகை தெரிஞ்சா "நான் வரல"ன்னு சொல்றதும் சுலபம்.

2. உட்காரும்போதே பீருக்குத் தனி பில், சாப்பாட்டுக்குத் தனி பில் கேளுங்க. குடிச்சவங்க பீர் பில்லைப் பிரிச்சுக்கட்டும்.

3. இதுக்குன்னு தனி சேவிங்ஸ் அக்கவுண்ட்ல மாசம் ₹1,000 போடுங்க. ₹2,000 சேர்ந்ததும் ஒரு டூர். சேரலைன்னா அந்த மாசம் இல்ல. கிரெடிட் கார்டு இந்த லிஸ்ட்லயே வரக்கூடாது.

4. எஸ்ஐபி, ஆர்டி எல்லாம் சம்பளம் வந்த மறுநாளே கழியுற மாதிரி தேதி வைங்க.

மாசம் ரெண்டு தடவை போனா வருஷத்துக்கு ₹50,976. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைன்னா ₹12,744. வித்தியாசம் ₹38,232. ₹25,000 சம்பளக்காரருக்கு அது ஒன்றரை மாசச் சம்பளம். கான்ட்ராக்ட் புதுப்பிக்காம நிறுத்தினா, அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் ஓட்டுற பணம்.

கேங்ல அதிகம் சம்பாதிக்கிறவர் நீங்கன்னா ஒரு சின்ன வேலை இருக்கு. அடுத்த தடவை பில் வந்ததும் "சமமா பிரிச்சுக்கலாம்"னு யாராவது சொல்றதுக்கு முன்னாடி, "அவனவன் சாப்பிட்டது அவனவனுக்கு"ன்னு நீங்க சொல்லிடுங்க. கம்மியா சம்பாதிக்கிறவர் வாயில இருந்து அது வராது. நீங்க சொன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.