சளியை விரட்டுமா சொந்தபந்தம்?

'தலைக்குக் குளிச்சேன், சளி பிடிச்சுக்கிச்சு', 'ஐஸ்க்ரீம் சாப்பிட்டா மூக்கு ஒழுகுது' என்று புலம்பாத வீடு உண்டா? 'போன வாரம் யார் யாரோட பேசினீங்க?' என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதையும் கேட்டுப் பார்த்தது ஓர் ஆராய்ச்சி!

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஷெல்டன் கோஹனும் அவர் குழுவினரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு அது. 18 முதல் 55 வயது வரையுள்ள, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 276 பேர் தாங்களாகவே முன்வந்தார்கள். எல்லோர் மூக்கிலும் ஜலதோஷ வைரஸ் கலந்த சொட்டுகளை விட்டு, வெளியே அனுப்பாமல் தங்க வைத்துக் கவனித்தார்கள்.

அதற்கு முன்பே ஒரு கணக்கு எடுத்திருந்தார்கள். கணவன் அல்லது மனைவி, பெற்றோர், மாமனார் - மாமியார், பிள்ளைகள், மற்ற நெருங்கிய சொந்தம், நண்பர்கள், அக்கம்பக்கத்தார், கூட வேலை பார்ப்பவர்கள், கூடப் படிப்பவர்கள், சேவைக் குழு, சங்கம், வழிபாட்டுக் குழு... ஆக 12 வகை உறவு. 2 வாரத்துக்கு ஒரு தடவையாவது நேரிலோ போனிலோ பேசினால்தான் கணக்கில் சேரும்!

முடிவு? 3 வகைக்கு மேல் உறவு இல்லாதவர்களில் 62 சதவிகிதம் பேருக்கு ஜலதோஷம். 6 வகையும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 35 சதவிகிதம்தான். இத்தனைக்கும் எல்லோருக்கும் விட்டது ஜலதோஷ வைரஸ் சொட்டுகள்தான்! சிகரெட், தூக்கம், உடற்பயிற்சி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வித்தியாசம் மறையவில்லை.

'எங்க வீட்டுக்காரர் போன்ல 500 நம்பர் இருக்கே' என்கிறீர்களா? இங்கே தலையை எண்ணவில்லை, வகையைத்தான் எண்ணினார்கள். ஆபீஸ் சிநேகிதர்கள் 20 பேர் இருந்தாலும் அது ஒரே வகைதான். ரிடையர் ஆன மறுநாளே அந்த வகை காலி! சொந்த ஊரை விட்டு மகனின் ஃப்ளாட்டுக்கு வரும் அம்மாவுக்கோ பக்கத்து வீடு, பஜனைக் குழு, சிநேகிதி என்று மூன்று வகையும் ஒரே நாளில் போய்விடுகிறது. 'வேளாவேளைக்குச் சாப்பாடு போடறோம், என்ன குறை?' என்று நாம் நினைக்கிறோம். குறை அங்கேதான்.

உறவு இருந்தால் மட்டும் போதுமா? போதாது. வீட்டிலோ நண்பர்களிடமோ மாதக்கணக்கில் மனஸ்தாபம் நீடித்தாலும் ஜலதோஷம் சுலபமாகப் பிடிக்கிறது என்று இதே குழு 1998-ல் சொன்னது.

நீங்கள் செய்ய வேண்டியது:

1. கடந்த 2 வாரத்தில் பேசியவர்களை எழுதி, வகை பிரியுங்கள். எந்த வகை காலி என்று தெரிந்துவிடும்.

2. ஒரு காலி இடத்தை மட்டும் முதலில் நிரப்புங்கள். பழைய சிநேகிதிக்கு ஒரு போன், எதிர் ஃப்ளாட்டுக்கு ஒரு கிண்ணம் பாயசம் போதும்.

3. ரிடையர்மென்ட்டுக்கு முன்பே நடைப்பயிற்சிக் குழு, நூலகம் என்று ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடுங்கள்.

4. பேச்சை நிறுத்தி மாதக்கணக்கானவரிடம் முதல் வார்த்தை நீங்களே பேசுங்கள்.

அதற்காக, இருமல் விடாமல் வந்தால் 'சொந்தக்காரங்க நிறைய இருக்காங்களே' என்று உட்கார்ந்திருக்காதீர்கள். டாக்டரைப் பாருங்கள். போகும்போது துணைக்கு அந்த எதிர் ஃப்ளாட் மாமியையும் கூப்பிடுங்களேன்!