கக்குவான் இருமல்: வயதுக்கு ஒரு வேடம்

கக்குவான் இருமல் பழங்காலத்து நோய் என்றே பலரும் எண்ணுகின்றனர். போர்டெடெல்லா பெர்டுசிஸ் என்னும் பாக்டீரியாவால் வரும் இந்நோய் இன்னும் மறைந்துவிடவில்லை. அது ஒவ்வொரு வயதினரிடமும் ஒவ்வொரு விதமாகத் தோன்றுவதால், நாம்தான் அதை அடையாளம் காணத் தவறுகிறோம்.

பச்சிளங்குழந்தைகள்

ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுக்கே ஆபத்து மிகுதி. இருமலுக்குப் பின் மூச்சை இழுக்கும்போது எழும் கூவல் ஒலி இவர்களிடம் பெரும்பாலும் கேட்பதில்லை. இருமலே இன்றிச் சில நொடிகள் மூச்சு நின்று, உதடுகள் நீலம் பாரிக்கலாம். அந்நிலையில் ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஒரு வயதிற்கு உட்பட்ட குழந்தைக்கு இருமலுக்கென்று தேன் புகட்டுதல் கூடாது.

சிறுவர்கள்

தொடர் இருமல், கூவல் ஒலி, இறுதியில் வாந்தி ஆகியவை இவ்வயதினரின் அடையாளங்கள். இருமல் பல வாரங்கள் நீடிக்கும்.

பெரியவர்கள்

தடுப்பூசியால் பெற்ற எதிர்ப்பாற்றலும், நோய் கண்டு பெற்ற எதிர்ப்பாற்றலும் சில ஆண்டுகளில் குறைந்துவிடும். ஆகவே பெரியவர்களுக்கும் இந்நோய் வரும். ஆனால் வெறும் வறட்டு இருமலாகவே தோன்றும். அவர்கள் கொஞ்சி மகிழும் பேரக்குழந்தைக்கோ அதுவே உயிராபத்தாகலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் உள்ளவர்கள் கைக்குழந்தையை விட்டு விலகியிருந்து, மருத்துவரை அணுகுக. உரிய நுண்ணுயிர்க்கொல்லியை ஐந்து நாள்கள் உட்கொண்டபின் பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு நீங்கும். இருமல் முழுதும் அடங்க மேலும் காலமாகும்.

தடுப்பூசி

6, 10, 14ஆவது வாரங்களில் பென்டாவேலன்ட் தடுப்பூசியும், 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் 5 முதல் 6 வயதிற்குள்ளும் முத்தடுப்பூசியும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகின்றன. பிழைப்புக்காகப் பெங்களூரு செல்லும் நம் தருமபுரி மாவட்டக் குடும்பத்தினர் தடுப்பூசி அட்டையை உடன் கொண்டு செல்லுங்கள்; அங்குள்ள அரசு நிலையங்களிலும் தவணையைத் தொடரலாம். ஒரு தவணை தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

கருவுற்ற தாய்மார்களுக்கு அரசுத் திட்டத்தில் போடப்படும் டி.டி. ஊசி ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகியவற்றைத் தடுக்கும், கக்குவானைத் தடுக்காது. அதற்குரியது டிடாப் ஊசி. 27 முதல் 36 வாரங்களுக்குள் அதைப் போட்டுக்கொண்டால், தாயிடம் உருவாகும் எதிர்ப்பொருள் நச்சுக்கொடி வழியே சிசுவைச் சென்றடையும். முதல் தடுப்பூசி போடும்வரை குழந்தைக்கு அதுவே அரண். அடுத்த பரிசோதனையின்போது இது பற்றி உங்கள் மருத்துவரிடம் தவறாது கேளுங்கள்.